பில் ரீட்: லங்காஸ்டர் விமானி, பிறகு வேளாண் ஆலோசகர் – விவாத இழை

#1 வடகாற்று

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய வில்லியம் (பில்) ரீட் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் ஒரே ஒரு இரவோடு முடிந்துவிடுகிறது. 1921 டிசம்பர் 21-ல் கிளாஸ்கோ அருகே பெய்லிஸ்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். 2001 நவம்பரில் இறந்தார். விமானப்படையில் இருந்தது ஐந்தாறு வருடம். கால்நடை, மேய்ச்சல், தீவனம் என்று வேலை பார்த்ததோ 1950 முதல் 1981 வரை, முப்பது வருடத்துக்கு மேல். அந்தப் பெரிய பகுதி ஒரு வரியில் போய்விடுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டு பாதிகளையும் விவரமாகப் பேசலாம். விமானம் தெரிந்தவர்கள் முதல் பாதியைத் தொடங்குங்கள். கால்நடைத் தீவனம் தெரிந்தவர்கள் இரண்டாவதற்கு வாருங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: படித்தது வேளாண்மைப் பட்டம், பார்த்தது ஆலோசகர் வேலை.

#2 நான்கு_எஞ்சின்

1943 நவம்பர் 3 இரவு, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரின் மேல் குண்டுவீச்சுத் தாக்குதல். மொத்தம் 589 விமானங்கள். ரீட் 61-வது ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு), சைர்ஸ்டன் தளம், லங்காஸ்டர் எல்.எம்.360 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம்.

டச்சுக் கரையைத் தாண்டியதும் மெஸ்ஸர்ஷ்மிட் 110 என்ற ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று சுட்டது. பின் துப்பாக்கிக்காரருக்கு அது தெரிந்தும் எச்சரிக்க முடியவில்லை. அவருடைய உடைக்குச் சூடு கொடுக்கும் மின்சுற்று பழுதாகி, விரல்கள் விறைத்து, மைக் பொத்தானைக்கூட அழுத்த முடியாத நிலை. சற்றுத் தாமதித்துத்தான் திருப்பிச் சுட்டார். அதற்குள் விமானியின் முன் கண்ணாடி சிதறி, ரீட்டுக்குத் தலை, தோள், கைகளில் காயம். எலிவேட்டர் (மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் மடல்) டிரிம் டேப் சேதம். திசைகாட்டிகளும் உள் தொலைபேசியும் போயின.

காயத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் தொடர்ந்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜெர்மன் சண்டை விமானம், ஃபோக்கவுல்ஃப் 190, மூக்கிலிருந்து வால் வரை சல்லடையாக்கியது. நேவிகேட்டர் ஜெஃப்ரீஸ் அங்கேயே இறந்தார். வயர்லெஸ் ஆபரேட்டர் மான் உயிர்போகும் காயம் பட்டார். ஆக்சிஜன் இணைப்பு அறுந்தது. முன்கையில் குண்டுபட்ட ஃப்ளைட் எஞ்சினியர் நாரிஸ், கையில் எடுத்துச் செல்லும் சிறு சிலிண்டர்களிலிருந்து ரீட்டுக்கு ஆக்சிஜன் கொடுத்தார். இலக்கை அடைய இன்னும் 50 நிமிடம் இருந்தது.

அந்த உயரம் சுமார் 21,000 அடி. காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் 44 சதவீதம்தான். தர வளிமண்டலக் கணக்கில் வெளி வெப்பநிலை மைனஸ் 27 டிகிரி செல்சியஸ் பக்கம். முன் கண்ணாடி இல்லாமல் அந்தக் காற்று நேராக முகத்தில். ஆக்சிஜன் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் கணக்கு தப்பும், பிறகு நினைவு தப்பும். கூடவே ரத்தமும் போய்க்கொண்டிருந்தது.

#3 கரிசல்மண்

நல்ல விவரம் ஐயா. மூன்று சந்தேகம். டிரிம் டேப் போனால் என்ன ஆகும்? இவ்வளவு அடிபட்ட பிறகு ஏன் திரும்பவில்லை? பாம்ப் எய்மருக்கு (குண்டைக் குறிபார்த்துப் போடுபவர்) எதுவுமே தெரியாது என்று படித்தேன், ஒரே விமானத்தில் அது எப்படி?

#4 நான்கு_எஞ்சின்

டிரிம் டேப் என்பது எலிவேட்டரின் பின் விளிம்பில் இருக்கும் சிறு மடல். லங்காஸ்டரில் எலிவேட்டரை அசைக்க ஹைட்ராலிக் உதவி கிடையாது, விமானியின் கை பலம்தான். எரிபொருள் குறையும்போதும் குண்டு விழுந்த பிறகும் மூக்கு மேலேயோ கீழேயோ போகப் பார்க்கும். டேப்பை ஒரு சக்கரத்தால் திருப்பி அந்த விசையைச் சமன் செய்துவிட்டால் கைக்குப் பாரம் இல்லை. டேப் போனால் அந்த விசை முழுவதையும் கையால் தாங்க வேண்டும், பயணம் முடியும் வரை. ரீட்டும் நாரிஸும் கட்டுப்பாட்டுக் கம்பத்தை மாறிமாறியும் சேர்ந்தும் பின்னுக்கு இழுத்துப் பிடித்தார்கள். ஒருவருக்குக் கையிலும் தோளிலும் காயம், மற்றவருக்கு முன்கையில்.

திரும்பாததற்கு முக்கியக் காரணம், பின்னால் வந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான விமானங்கள். எல்லாம் விளக்கில்லாமல் ஒரே பாதையில், அடுத்தடுத்த உயரங்களில் வருகின்றன. நடுவில் ஒன்று திரும்பினால் எதிரே வருபவற்றோடு மோதும் அபாயம். பின்னாளில் ரீட்டே இதைச் சொல்லியிருக்கிறார். வீர உணர்ச்சி என்று மட்டும் எழுதுபவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

பாம்ப் எய்மர் படுப்பது மூக்கின் அடியில், விமானியின் காலுக்குக் கீழே முன்பக்கம். தொலைபேசி போனதால் அவர் தனித்துவிட்டார். விமானம் வழக்கம்போலப் பாதையில் போய்க்கொண்டிருந்ததால் மேலே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே இல்லை. போகும் பாதையை ரீட் முன்பே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். குண்டு விழும்போது எடுக்கப்பட்ட படம், விமானம் இலக்கின் நடுவில் இருந்ததைக் காட்டியது.

திரும்பும்போது துருவ நட்சத்திரமும் நிலாவும். துருவ நட்சத்திரம் வலது பக்கம் நேராக இருந்தால் மூக்கு மேற்கே, அதாவது இங்கிலாந்துப் பக்கம். அது முன்னே நகர்ந்தால் வடக்கே சாய்கிறோம், பின்னே போனால் தெற்கே. காற்று எவ்வளவு தள்ளுகிறது என்பதை இது சொல்லாது, ஆனால் இங்கிலாந்தின் கிழக்குக் கரை தவறவிட முடியாத அளவு நீளம்.

வழியில் கையிருப்பு ஆக்சிஜன் தீர்ந்து ரீட் அரை மயக்கமானார். டச்சுக் கரைப் பீரங்கிச் சூட்டைத் தாண்டி வட கடல் வரை நாரிஸும் பாம்ப் எய்மரும்தான் விமானத்தை வானில் நிறுத்தினார்கள். நாரிஸ் பயிற்சி பெற்ற விமானி அல்ல என்பதை நினைவில் வையுங்கள். அவருக்கு கான்ஸ்பிகுவஸ் கேலன்ட்ரி மெடல் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது முழுக்கத் தகும். கரை வந்ததும் ரீட் தெளிந்து பொறுப்பை ஏற்றார். நார்ஃபோக்கில் அமெரிக்கர்களின் ஷிப்டம் தளம், தரை மூடுபனியில் ஓடுபாதை விளக்குகள் பாதி மறைவு, நெற்றி ரத்தம் கண்ணில். சக்கரம் தரையைத் தொட்டுப் பாரம் இறங்கியதும் ஒரு கால் மடங்கியது. பத்திரமாக நின்றது.

#5 ஏடு

இரண்டு திருத்தம், இணையத்தில் அடிக்கடி தவறாக வருபவை. விருது அரசிதழில் வந்தது 1943 டிசம்பர் 14. அப்போது அவர் தற்காலிகப் பொறுப்பில் ஃப்ளைட் லெஃப்டினன்ட். 617-வது ஸ்குவாட்ரனில் இருந்தபோது விருது வாங்கியதாக எழுதுகிறார்கள். அங்கே போனது 1944 ஜனவரியில்தான்.

617-ல் அவருடைய கடைசிப் பயணம் 1944 ஜூலை 31. பிரான்சில் ரைம்ஸ் அருகே ரில்லி-லா-மொன்டான் ரயில் சுரங்கத்தில் ஜெர்மானியர் வி-1 பறக்கும் குண்டுகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். இலக்கு அது. ஆயுதம் டால்பாய் என்ற பெருங்குண்டு: 12,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5,400 கிலோ, நீளம் 21 அடி. ரீட் தன் டால்பாயைப் போட்ட பிறகு, சுமார் 6,000 அடி மேலே பறந்த வேறொரு லங்காஸ்டரின் குண்டு இவர் விமானத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அது வெடிக்கவில்லை, ஆனால் கட்டுப்பாட்டுக் கேபிள்களை அறுத்து உடற்சட்டத்தையும் பலவீனப்படுத்தியது. விமானம் சுழன்று விழும்போது மூக்குப் பகுதி பிய்ந்தது, ரீட் வெளியே விழுந்தார். பாராசூட்டில் இறங்கியதில் கை உடைந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் லூக்கரும் அவரும் மட்டும் தப்பினார்கள். பிறகு ஜெர்மானியரின் போர்க்கைதி முகாம்கள்: முதலில் ஸ்டாலாக் லுஃப்ட் 3, அப்புறம் பெர்லினுக்குத் தெற்கே லுக்கன்வால்டே.

வெவ்வேறு உயரங்களில் அடுக்கிப் பறந்து ஒரே புள்ளியில் குண்டு போடும் முறையில் இந்த ஆபத்து எப்போதும் இருந்தது. கீழே இருப்பவருக்கு மேலே பார்க்க முடியாது.

#6 வடகாற்று

நன்றி. இனி நிலத்துக்கு வருவோம்.

படைக்குப் போகும் முன் அவர் கொஞ்ச காலம் படித்தது உலோகவியல். 1946-ல் படையிலிருந்து வெளிவந்ததும் கிளாஸ்கோ பல்கலைக்கழகம், பிறகு மேற்கு ஸ்காட்லாந்து வேளாண் கல்லூரி, 1949-ல் வேளாண்மைப் பட்டம். காலத்தைக் கவனியுங்கள்: போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, பிரிட்டனில் 1946 ஜூலையில்தான் ரேஷனுக்கு வந்தது. இறைச்சி ரேஷன் 1954 வரை ஓடியது. 1947-ல் வேளாண் சட்டம், அடுத்த வருடம் ஸ்காட்லாந்துக்குத் தனியாக ஒன்று. உற்பத்தியைக் கூட்டு என்பதே அரசின் ஒரே பேச்சு. அந்த நேரத்தில் வேளாண் பட்டதாரிக்கு உடனே வேலை இருந்தது.

பட்டம் முடிந்ததும் ஒரு பயண உதவித்தொகையில் ஆறு மாதம் இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா என்று வேளாண்மையைப் பார்க்கப் போனார். 1950 முதல் 1959 வரை அபர்டீன்ஷயரில் டவுன்சைடு, மக்ராபர்ட் பண்ணைகளின் வேளாண் ஆலோசகர். 1959 முதல் 1981 வரை ஸ்பில்லர்ஸ் தீவன நிறுவனத்தில் தேசிய அளவில் மாடு, ஆடு ஆலோசகர்.

#7 ஏடு

டவுன்சைடு பற்றி ஒரு சிறு விலகல், இந்தியத் தொடர்பு இருப்பதால். சர் அலெக்சாண்டர் மக்ராபர்ட் அபர்டீன் தொழிலாளியின் மகன். கான்பூர் கம்பளி ஆலையை வளர்த்தவர், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷனை நிறுவியவர். வட இந்தியாவில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த ‘லால் இம்லி’ கம்பளி அந்த ஆலையுடையது. அவருடைய இரண்டாம் மனைவி ரேச்சல் புவியியலாளர். ரேச்சலின் தாய் ஃபேனி புல்லக் வொர்க்மன், காரகோரம் பனியாறுகளை அளந்த மலையேறி.

ரேச்சலின் மூன்று மகன்களும் விமானத்தில் இறந்தார்கள். மூத்தவர் 1938-ல் விபத்தில், மற்ற இருவரும் 1941 மே, ஜூன் மாதங்களில் போரில். அந்தத் தாய் 25,000 பவுண்டு கொடுத்து ஒரு ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானம் வாங்கச் சொன்னார். ‘மக்ராபர்ட்டின் பதில்’ என்று அதற்குப் பெயர் எழுதி 15-வது ஸ்குவாட்ரன் பறக்கவிட்டது. 1943-ல் அறக்கட்டளை அமைத்தார். ரீட் ஒன்பது வருடம் ஆலோசகராக இருந்தது அந்தக் குடும்பத்தின் பண்ணைகளில்.

#8 பட்டிக்காரர்

இப்போது மண்ணும் மாடும். ஒரு விளக்கம் முதலில்: ரீட் எந்தப் பண்ணையில் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தப் பகுதியில், அந்தக் காலத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் முன் வந்து நிற்கும் பிரச்சினைகள் இவை.

அபர்டீன்ஷயரின் டீசைடு பக்கம் கிரானைட் பாறையிலிருந்து வந்த மண் நிறைய. அத்தகைய மண்ணில் கோபால்ட் குறைவு. அசையூண் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 செய்யக் கோபால்ட் வேண்டும். பி12 இல்லாவிட்டால், புல் நொதித்து வரும் புரோப்பியோனிக் அமிலத்தை ஆடு சக்தியாக மாற்ற முடியாது. விளைவு, முழங்கால் புல்லில் நின்றுகொண்டே ஆடு மெலியும். பசி போகும், கண்ணில் நீர் வடியும், ரோமம் சொரசொரப்பாகும். பால் மறந்த குட்டிகள்தான் முதலில் அடிவாங்கும், கோடைக் கடைசியில்.

இங்கே நடக்கும் பெரிய தவறு: குடல் புழுவும் இதே தோற்றத்தைத் தரும். பண்ணையாள் புழு மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார், ஆடு தேறாது. சில குட்டிகளுக்கு மட்டும் கோபால்ட் கொடுத்து, மற்றவற்றை அப்படியே விட்டு, இரண்டையும் ஒரே மேய்ச்சலில் வைத்து மூன்று நான்கு வாரம் எடை பார்ப்பதே நம்பகமான சோதனை. மண் பரிசோதனையில் அசெட்டிக் அமிலத்தில் கரையும் கோபால்ட், கிலோவுக்கு 0.25 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்படலாம்.

#9 கரிசல்மண்

அப்படியென்றால் வயலில் கோபால்ட் போட்டால் தீர்ந்ததா? சுண்ணாம்பு போடும் பழக்கம் அங்கே அதிகம் என்பார்களே.

#10 பட்டிக்காரர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மேய்ச்சலை மேம்படுத்தச் சுண்ணாம்பு போட்டதும் மண்ணின் பிஎச் (அமில-கார அளவு) ஏறும், செடி எடுக்கும் கோபால்ட் இறங்கும். கிளோவர் என்ற தீவனப் பயிர் செழிக்கும், ஆடு மெலியும். மேம்பாட்டுப் பணி நடந்த வயலில்தான் நோய் புதிதாக வரும் என்பதால் ஆலோசகருக்குச் சங்கடமான நிலைமை.

கோபால்ட் சல்ஃபேட் ஹெக்டேருக்கு சுமார் 2 கிலோ, மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான அளவு. அவ்வளவு சிறிய அளவைச் சீராகத் தூவ முடியாது, ஆகவே உரத்தோடு கலந்தோ நீரில் கரைத்துத் தெளித்தோ போட வேண்டும். மாங்கனீசு அதிகமுள்ள மண்ணிலும் பிஎச் ஏறிய மண்ணிலும் போட்டது பூட்டிக்கொள்ளும். பணம் வீண்.

1950-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறு வழி வந்தது: கோபால்ட் ஆக்சைடால் செய்த கனமான சிறு உருண்டை. துப்பாக்கி போன்ற கருவியால் தொண்டைக்குள் விட்டால் எடையால் இரண்டாம் இரைப்பையில் தங்கி, மெதுவாகக் கரையும். இதிலும் கோளாறு உண்டு. சில ஆடுகள் அசைபோடும்போது துப்பிவிடும். தங்கிய உருண்டை மேல் கால்சியம் பாஸ்ஃபேட் படிந்து ஓடு கட்டிவிடும், கோபால்ட் வெளியே வராது. அதற்காகக் கூடவே ஒரு சிறு இரும்புத் திருகாணியையும் விழுங்க வைப்பார்கள், இரண்டும் உரசி ஓடு தேயும். இரைப்பை வளராத இளங்குட்டிக்குக் கொடுத்துப் பயனில்லை.

#11 வடகாற்று

1959-ல் ஏன் தீவன நிறுவனம் என்று கேட்டால், காலச் சூழல் புரிய வேண்டும். போர்க்காலத்திலிருந்து கால்நடைத் தீவனமும் ரேஷனில்தான் இருந்தது, 1953-ல் அது நீங்கியது. அதன் பிறகு கலப்புத் தீவன ஆலைகளுக்கிடையே போட்டி. மூட்டை விற்பவர் கூடவே, எந்த மாட்டுக்கு எப்போது எவ்வளவு என்று பண்ணைக்கு வந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது. தேசிய ஆலோசகர் என்றால் கீழே உள்ள விற்பனை ஆட்களுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்.

#12 மேய்ச்சல்

செம்மறிப் பக்கத்தை நான் சொல்கிறேன். குட்டியின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் சினையின் கடைசி ஆறு வாரத்தில் நடக்கிறது. அதே நேரம் குட்டிகள் வயிற்றை அடைத்துக்கொள்வதால் தாய் சாப்பிடக்கூடிய உலர்தீவனம் குறைகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு உடம்புக் கொழுப்பை வேகமாகக் கரைக்கும், ஈரலில் கொழுப்பு அடையும், ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு கரைவதில் வரும் கழிவுப் பொருள்) ஏறும். மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும், பார்வை மங்கும், பல்லை நறநறக்கும். அந்தக் கட்டத்தில் வைத்தியம் பெரும்பாலும் தோற்கும். ஒல்லி ஆட்டுக்கு மட்டுமல்ல, அதிகக் கொழுத்த ஆட்டுக்கும் வரும்.

எனவே முன்கூட்டியே கையால் பார்க்க வேண்டும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இடுப்பு முதுகெலும்பில் கட்டைவிரலை வைத்து, பக்கவாட்டு எலும்பு நுனிகளுக்கு அடியில் மற்ற விரல்களை நுழைத்து அழுத்துவது. விரல் சுலபமாக உள்ளே போய் நுனி கூர்மையாகத் தட்டுப்பட்டால் 1. நுனி உருண்டு, அழுத்தினால்தான் தெரிந்தால் 3. எலும்பே தெரியாவிட்டால் 5. ஆஸ்திரேலியாவில் பிறந்த இந்த முறையை ஸ்காட்லாந்து மலைப்பண்ணை ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்த ரஸ்ஸல், டோனி, கன் மூவரும் சோதித்து 1969-ல் வெளியிட்டார்கள். ரோமம் அடர்ந்த ஆட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும், கை ஏமாற்றாது. குட்டி போட எட்டு வாரம் இருக்கும்போது பார்த்தால் திருத்த நேரம் இருக்கிறது. மூன்று வாரத்தில் பார்த்தால் இல்லை.

உலர்புல்லில் இருக்கும் இரட்டைச் சினை ஆட்டுக்கு ஆறு வாரத்துக்கு முன் தினம் 200 கிராம் அடர்தீவனத்தில் தொடங்கிக் கடைசியில் 700 கிராம் வரை ஏற்றலாம். ஒரு வேளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கொடுத்தால் இரைப்பை புளிக்கும், இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும். ஒரு ஆட்டுக்கு 45 சென்டிமீட்டர் தொட்டி நீளம் கட்டாயம். அது குறைந்தால் பலசாலி ஆடு இரண்டு பங்கு தின்னும், ஒதுங்கும் ஆடு நோயில் விழும். தீவனக் கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தும் பண்ணையில் தவறுவது பெரும்பாலும் இந்தத் தொட்டி நீளத்தில்தான்.

#13 பட்டிக்காரர்

மாட்டுப் பக்கத்தில் வசந்தகால ஆபத்து ஒன்று. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் இருந்த கறவை மாட்டை உரம் போட்ட இளம்புல்லில் விட்டதும் மெக்னீசியக் குறைபாடு. அந்தப் புல்லில் மெக்னீசியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் இரைப்பையில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். எலும்பில் இருப்பு இருந்தாலும் மாட்டால் அவசரத்துக்கு எடுக்க முடியாது. காலையில் நன்றாக இருந்த மாடு மதியம் வலிப்பில் கிடக்கும்.

தடுக்க, சுட்ட மேக்னசைட் (மெக்னீசியக் கனிமம்) தூள் மாட்டுக்குத் தினம் 60 கிராம். வெளியே விடுவதற்குச் சில நாள் முன்பே தொடங்க வேண்டும். ஒருநாள் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும். அதன் ருசி மாட்டுக்குப் பிடிக்காது, வெல்லப்பாகோடும் தீவனத்தோடும் கலந்தால்தான் தின்னும். ஆபத்தான காலத்துக்கு முன் அந்த வயலில் பொட்டாஷ் (பொட்டாசிய உரம்) போடாமல் இருப்பது இன்னும் மலிவான வழி. விழுந்த மாட்டுக்கு மருத்துவர் 25 சதவீத மெக்னீசியம் சல்ஃபேட் 400 மில்லி தோலுக்கு அடியில் போடுவார். அதை ரத்தக்குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

#14 கரிசல்மண்

மாடும் ஆடும் சேர்ந்த பண்ணையில் ஒரே மூட்டையை இரண்டுக்கும் போட முடியாதா? விலை குறையுமே.

#15 மேய்ச்சல்

போடவே கூடாது. தாமிரம்தான் காரணம். மாட்டுத் தீவனத்தில் தேவைக்காகத் தாமிரம் சேர்ப்பார்கள். செம்மறி அதை ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும், வெளியேற்றத் தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு ஒரு லாரிப் பயணம், குளிர், பட்டினி எதுவோ தூண்ட, ஈரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டும். சிவப்பணு உடையும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கண்ணின் வெள்ளை மஞ்சளாகும், ஓரிரு நாளில் சாவு. தீவனத்தை நிறுத்திய பிறகும் சாவு தொடரும், ஏனென்றால் சரக்கு ஈரலில் இருக்கிறது. ஐரோப்பாவில் செம்மறித் தீவனத்துக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம், மாட்டுக்கு அதைவிட இரண்டு மடங்கு.

இனத்துக்கு இனம் தாங்குதிறன் மாறும். ஸ்காட்டிஷ் பிளாக்ஃபேஸ் ஓரளவு தாங்கும், டெக்சல் தாங்காது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் உள்ள நார்த் ரொனால்ட்சே ஆடு கடற்பாசி தின்று வாழ்ந்த இனம், தாமிரம் குறைந்த உணவுக்கே பழகியது. அதைச் சாதாரணப் புல்லில் விட்டாலே சிக்கல்.

இதில் ஆலோசகருக்குக் கடினமான பகுதி, எதிர்ப்பக்கமும் உண்மை என்பது. சுண்ணாம்பு போட்டு மேம்படுத்திய மலை மேய்ச்சலில், புல்லில் மாலிப்டினம் என்ற உலோகம் ஏறும். அது கந்தகத்தோடு சேர்ந்து தாமிரத்தைக் கட்டிவிடும். சினையில் தாமிரம் போதாத தாய்க்குப் பிறக்கும் குட்டி பின்கால் தள்ளாடும். நரம்பில் நடந்த சேதம் திரும்பாது, தாய்க்குச் சினையின் நடுப்பகுதியில் கொடுத்தால்தான் தடுக்க முடியும். ஆகவே ஒரே மாவட்டத்தில் ஒரு பண்ணைக்குத் தாமிர ஊசி போடச் சொல்ல வேண்டும், அடுத்த பண்ணையில் அதைத் தடுக்க வேண்டும். ரத்தமும் இறந்த ஆட்டின் ஈரலும் சோதிக்காமல், தற்போது என்ன மூட்டை போடுகிறார்கள் என்று லேபிளைப் படிக்காமல், ஊசியைத் தொடக்கூடாது.

ஆலையிலும் கவனம் வேண்டும். மாட்டுத் தீவனம் கலந்த அதே மிக்சரில் அடுத்ததாக ஆட்டுத் தீவனம் கலந்தால், ஓரத்தில் ஒட்டிய கனிமக் கலவை முதல் சில மூட்டைகளில் இறங்கும். இடையில் வெறும் தானியத்தை ஒருமுறை ஓட்டிக் கழித்து, அதை மாட்டுத் தீவனத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மூட்டையில் தொகுதி எண் இருந்தால், ஒரு பண்ணையில் ஆடு விழுந்ததும் அதே தொகுதி போன மற்ற பண்ணைகளுக்கு அன்றே தகவல் சொல்லலாம்.